குடி அரசு: ஈரோட்டில் பிறந்த வார இதழ்

1925 மே 2 அன்று முதல் இதழ் வந்தபோது, அதைத் தொடங்கிய ஈ.வெ. ராமசாமி காங்கிரஸ்காரர். அதே நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் எடுபடவில்லை. அவர் கட்சியை விட்டார், பத்திரிகையும் கூடவே திரும்பியது. 1927 இறுதியில் அவர் பெயரிலிருந்த ‘நாயக்கர்’ இதழிலிருந்து காணாமல் போனது.

1933 அக்டோபரில் வெளியான ஒரு தலையங்கம் ராஜதுரோக வழக்கில் முடிந்தது. வெளியிட்டவர் என்ற முறையில் தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றார். இதழ் நின்றது, ஆனால் வாரம் தவறக் கூடாதே! ‘புரட்சி’ என்றும் பிறகு ‘பகுத்தறிவு’ என்றும் பெயரை மாற்றிக்கொண்டு வந்தது.

1935 ஜனவரியில் திரும்பி வந்த ‘குடி அரசு’ இதழின் எழுத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள். ‘லை’, ‘னை’ ஆகியவற்றின் தலையில் வளைந்திருந்த யானைத் துதிக்கை இல்லை. ‘ணா’, ‘றா’, ‘னா’ மூன்றிலும் துணைக்கால் தனியாக நிற்கிறது. கொள்கை ஒருபுறம் இருக்கட்டும், அச்சுக் கோப்பவருக்கு இது பெரிய நிம்மதி: எழுத்துப் பெட்டியில் தேட வேண்டிய ஈய அச்சுகள் குறைந்தன. தமிழ்நாடு அரசு இந்த வடிவங்களை ஏற்றது 1978இல். ‘குடி அரசு’ 1949இலேயே நின்றுவிட்டது.