செடியால மறைக்கலாம்... வழியை மட்டும் அடைக்காதீங்க!

வாசல்ல அழகான கோலம், சுவருக்குப் புது பெயிண்ட். ஆனா கேட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது செப்டிக் டேங்க் மூடி, மோட்டார் குழாய், ஏசி அவுட்டோர் யூனிட்! உங்க வீட்லயும் இப்படித்தானா? வருஷம் முழுக்கப் பச்சையா நிற்கும் செடிகளைத் தொட்டியில் வளர்த்தாலே போதும், இதையெல்லாம் மறைச்சிடலாம்.

ஏன் தொட்டி?

தரையில் நட்டால் வேர் பரவி கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்து அடைப்பு வரலாம். தொட்டியில் அந்தக் கவலை இல்லை. பழுது பார்க்க ஆள் வந்தால் நகர்த்தி வைக்கலாம். வாடகை வீடுன்னா, காலி பண்ணும்போது கையோடு எடுத்துட்டுப் போகலாம்.

என்ன செடி?

நல்ல வெயில் படும் இடத்துக்கு இட்லிப்பூ, நந்தியாவட்டை, செம்பருத்தி. வெயில் குறைவான சந்துக்கு அரேகா பனை. அரளியும் அடர்த்தியா வளரும். ஆனா அதன் எல்லாப் பாகமும் விஷம் என்பதால் குழந்தைகள், கால்நடைகள் உள்ள வீட்டில் வேண்டாம். 3 அடி உயரச் செடியா வாங்கி, ஒன்றரை அடித் தொட்டியில் வைத்தால் அன்றைக்கே நாலரை அடி மறைப்பு தயார். அரசு தோட்டக்கலைப் பண்ணைகளிலும் செடிகள் விற்கிறாங்க. அருகில் உள்ள தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்க.

எப்படி வைப்பது?

செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து நிரப்புங்க. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை கட்டாயம் இருக்கணும். மண்ணும் ஈரமும் சேர்ந்தால் பெரிய தொட்டி 50 கிலோவைத் தாண்டும். அதனால சக்கரம் வைத்த ஸ்டாண்டு நல்லது.

இதை மறக்காதீங்க

• மின் மீட்டர்: 2 மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க மின்வாரிய ஊழியர் வருவார். மீட்டரை அவர் பார்க்க முடியணும், மெயின் சுவிட்ச் உங்க கைக்கு உடனே எட்டணும். இதற்கு நேர் முன்னால் தொட்டி வேண்டாம், பக்கவாட்டில் வைங்க.

• ஏசி யூனிட்: சூடான காற்று வெளியேற முன்பக்கம் 3 அடியாவது இடைவெளி விடுங்க. இல்லாவிட்டால் குளிர்ச்சி குறையும், மின் கட்டணம் ஏறும்.

• செப்டிக் டேங்க்: மூடி மேல் தொட்டி வைக்கக் கூடாது. பாரத்தில் மூடி உடைந்தால் ஆபத்து. சுற்றிலும் வைங்க, சுத்தம் செய்யும் லாரியின் குழாய் வர வழி இருக்கட்டும்.

• தொட்டித் தட்டு: தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். அது கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டைத் தவிர்த்துடுங்க, இருந்தால் வாரம் ஒருமுறை கவிழ்த்து, தேய்த்துக் கழுவுங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டே ரெண்டு தொட்டியோட ஆரம்பிங்க. வைத்த பிறகு ஒரு தடவை கேட் பக்கம் நின்னு பாருங்க: குழாய் மறைஞ்சிருக்கா? மீட்டருக்குப் போக வழி இருக்கா? ரெண்டுக்கும் ‘ஆமாம்’னா, சரியா வைச்சிருக்கீங்க!