மஞ்சள் விளக்கும் சோப்புத் தண்ணீரும்

2023 டிசம்பரில், தில்லியில் எங்கள் பெட்ரோல் காரின் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. பி.யூ.சி. சான்றிதழ் புதுப்பிக்க வேண்டிய சமயம் வேறு. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டி, "பி-0420. கேடலிடிக் கன்வர்ட்டரையே மாற்ற வேண்டும்" என்றார்கள். கேட்ட தொகை என் இரண்டு மாதப் பென்ஷன்!

அந்தக் கோடு கன்வர்ட்டர் சரியாகச் சுத்திகரிக்கவில்லை என்ற சந்தேகத்தைத்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்ஸிஜன் சென்சார்கள் உண்டு. பல கார்களில் முன்னது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊசலாடும். பின்னது அநேகமாக நிலையாக நிற்க வேண்டும். எங்கள் காரில் அதுவும் ஆடியது. ஆனால் புகைக்குழாயில் கசிவிருந்து வெளிக்காற்று நுழைந்தாலும் சென்சார் ஏமாந்துபோகும்.

ரயில்வேயில் ஏர் பிரேக் குழாய்க் கசிவைச் சோப்புத் தண்ணீர் பூசித்தான் கண்டுபிடிப்போம். அதையே செய்தேன். எஞ்சின் ஆறியிருந்த காலையில், திறந்தவெளியில் வண்டியைக் கிளப்பினோம். (மூடிய கராஜில் வேண்டாம், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.) மகன் பின்குழாயைத் தடித்த துணியால் சில வினாடி அடைத்தான். பின் சென்சாருக்குச் சற்று முன்னுள்ள மூட்டில் குமிழிகள்! கேஸ்கெட்டை மாற்றிக் கோடை அழித்தோம். விளக்கு மறுபடி எரியவில்லை, பி.யூ.சி.யும் கிடைத்தது.