காசு வாங்காமல் கிடைக்கும் குட்டி சாப்ட்வேர்கள்! கண்ணை மூடி டவுன்லோடு செய்தால் ஆதார் நகலுக்கு ஆபத்து

ஆன்லைனில் தேர்வு விண்ணப்பம் போடப் போனவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். "போட்டோ 50 கே.பி.க்கு மேல இருக்கு, ஏத்துக்க மாட்டேங்குது" என்பார் பிரவுசிங் சென்டர்காரர். ஒரு குட்டி சாப்ட்வேரைத் திறந்து இரண்டு தட்டு தட்டுவார். போட்டோ சுருங்கி விடும். வேலை முடிந்தது.

இந்த மாதிரி குட்டி சாப்ட்வேர்கள் பலவற்றுக்குப் பின்னால் பெரிய கம்பெனி கிடையாது. யாரோ ஒருத்தர் தன் தேவைக்காக வீட்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதியது. "எனக்கு உதவிச்சு, உங்களுக்கும் உதவட்டும்" என்று இன்டர்நெட்டில் போட்டு விடுகிறார்கள்.

தனி ஆள் சாதனை

போட்டோ வேலைக்குப் பலரும் பயன்படுத்தும் 'இர்பான்வியூ' அப்படி வந்ததுதான். போஸ்னியாவில் பிறந்து வியன்னாவில் படித்த இர்பான் ஸ்கில்யான் 1996-ல் வெளியிட்டார். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். கடை, ஆபீசில் வைத்தால் காசு கட்ட வேண்டும். இது பல பேருக்குத் தெரியாது. பைல்களைச் சுருக்கும் '7-ஜிப்'பை ரஷ்யாவின் இகோர் பாவ்லோவ் 1999-ல் கொடுத்தார். அதை யார் வேண்டுமானாலும் சும்மா பயன்படுத்தலாம்.

தமிழிலும் இந்தக் கொடை உண்டு. ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்தால் தமிழில் 'அம்மா' என்று வரவைக்கும் 'அழகி'யை 2000-ம் ஆண்டில் உருவாக்கியவர் விஸ்வநாதன். முகுந்தராஜ் கொண்டு வந்த 'இ-கலப்பை'யும் இலவசம்தான். தமிழ் டைப்பிங் தெரியாத பல பேரை கம்ப்யூட்டரில் தமிழ் எழுத வைத்தவை இவை.

நொறுக்குத் தீனி!

'டொனேஷன்கோடர்' என்ற குழுவில் ருசிகரமான வழக்கம் ஒன்று இருந்தது. "300 போட்டோவுக்கும் ஒரே நேரத்துல பேர் மாத்தணும்" என்று ஒருத்தர் கேட்பார். புரோகிராம் தெரிந்த இன்னொருத்தர் அதை எழுதிக் கொடுப்பார். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கோடிங் ஸ்நாக்ஸ்'. அதாவது நொறுக்குத் தீனி!

கொடுத்ததோடு வேலை முடியாது. "என் சிஸ்டத்துல ஓடல", "தமிழ்ப் பேர் வச்ச பைல் கட்டம் கட்டமா தெரியுது" என்று புகார் வரும். எழுதியவர் சரி செய்து அடுத்த பதிப்பைப் போடுவார்.

வைரஸ் என்கிறதே?

டவுன்லோடு செய்து திறந்தால், விண்டோஸ் சில நேரம் எச்சரிக்கைப் பெட்டி காட்டும். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததில் இருந்து இந்தப் பாதுகாப்பு உண்டு. சாப்ட்வேரில் டிஜிட்டல் கையெழுத்து இல்லை, அதிகம் பேர் டவுன்லோடு செய்யவில்லை என்றாலும் எச்சரிக்கை வரும். கையெழுத்து வாங்கக் காசு வேண்டும். சும்மா கொடுக்கிறவர் அதற்கு எங்கே போவார்?

ஆன்டி வைரசும் சில நேரம் நல்ல புரோகிராமைத் திருடன் என்று சொல்லி விடும். அதற்காக எச்சரிக்கையே பொய் என்று தட்டி விடவும் கூடாது. பிரபல சாப்ட்வேரின் பெயரிலேயே போலிகள் உலா வருகின்றன. 2015-ல் 'சோர்ஸ்போர்ஜ்' என்ற பெரிய டவுன்லோடு தளமே, 'ஜிம்ப்' சாப்ட்வேரோடு விளம்பர புரோகிராம்களைச் சேர்த்துக் கொடுத்து கண்டனத்துக்கு ஆளானது.

பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் ஊரார் ஆதார் நகல், பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் கிடக்கும். போலி ஒன்று உள்ளே புகுந்தால் அத்தனையும் திருட்டுப் போகலாம்.

செய்ய வேண்டியது என்ன?

* எழுதியவரின் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் எடுக்க வேண்டும். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தை நம்பக் கூடாது.

* திறக்கும் முன் 'வைரஸ்டோட்டல்' தளத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒரே நேரத்தில் பல ஆன்டி வைரஸ்கள் சோதிக்கும். அங்கே சாப்ட்வேரை மட்டும்தான் போட வேண்டும். ஆதார் மாதிரி சொந்த பைல்களைப் போடக் கூடாது.

* 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டாமல், கூடவே வேறு எதையாவது ஏற்றுகிறதா என்று படிக்க வேண்டும்.

* வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் பைல்களை அழித்து விட வேண்டும்.

எழுதிக் கொடுத்தவருக்கு இரண்டு வரி நன்றி எழுதிப் போடலாம். கோளாறு இருந்தால் சொல்லலாம். சும்மா கொடுத்தவருக்கு அதுதான் கூலி.