பழைய வண்டி ஏன் இவ்வளவு குடிக்கிறது?

1994-இல் சந்தைக்கு வந்த ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டருக்கு 97.2 சிசி எஞ்சின். ஒரே சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், காற்றிலேயே சூடு ஆறும் அமைப்பு. பால் கேன் கட்டியும் சிமென்ட் மூட்டை ஏற்றியும் இருபது ஆண்டுகள் உழைத்த ஸ்பிளெண்டர்கள் இன்றும் நம் ஊர்ச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் பட்டறைக்குக் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "முன்னெல்லாம் அறுபதுக்குக் குறையாம குடுத்துச்சுண்ணே, இப்ப நாப்பத்தஞ்சைத் தாண்டல." உடனே கார்புரேட்டரைக் கழற்றிப் போடுவது பல இடங்களில் வழக்கம். கார்புரேட்டருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில், அந்த நாற்பத்தைந்து சரியான கணக்குதானா? நூறு ரூபாய்க்குப் போட்டு ரிசர்வ் விழும்வரை ஓட்டிப் பார்ப்பது அளவாகாது. வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி டேங்கைக் குறிப்பிட்ட மட்டம்வரை நிரப்ப வேண்டும். இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டிய பின், அதே பங்கில் அதே மட்டத்துக்கு மீண்டும் நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் கிடைப்பதுதான் மைலேஜ்.

ஓடிய தூரமே பிழையாக இருக்கவும் வாய்ப்புண்டு. பழைய ஸ்பிளெண்டரில் மீட்டர் கேபிள் முன்சக்கரத்தின் பல்சக்கரத்திலிருந்து வருகிறது. முன்னால் கொஞ்சம் பெரிய டயர் மாட்டியிருந்தால் அதே தூரத்துக்குச் சக்கரம் குறைவாகச் சுழலும், மீட்டரும் குறைத்தே காட்டும். பெட்ரோல் செலவு மாறாமலே மைலேஜ் விழுந்ததுபோலத் தெரியும். நெடுஞ்சாலையின் கிலோமீட்டர்க் கற்களில் பத்தை எண்ணி மீட்டரோடு ஒப்பிட்டால் இது தெளிவாகிவிடும்.

அடுத்து, டேங்கில் ஊற்றுவது என்ன? எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இந்தியாவில் 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாகப் பங்குகளுக்கு வந்தது. தூய பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சீரமைத்த இருசக்கர வாகனங்களில், இதனால் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. அறுபது கொடுத்த வண்டியில் அது இரண்டு கிலோமீட்டர் அளவுதான். பதினைந்து கிலோமீட்டர் விழுந்திருந்தால் பழியை எத்தனால்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

இனி சக்கரங்கள். காற்றுக் குறைந்த டயர் உருளும்போது அதிகம் நசுங்கி ஆற்றலைத் தின்னும். டிரம் பிரேக்கைத் திறக்கும் கேம் தூசியில் இறுகினாலும், ஸ்பிரிங் தளர்ந்தாலும், காலை எடுத்த பிறகும் பிரேக் ஷூ டிரம்மைத் தொட்டுக்கொண்டே இருக்கும். மெயின் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால், உரசலின்றிச் சில சுற்றாவது ஓட வேண்டும். பிரேக்கே பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் டிரம்மின் அருகே கையைக் கொண்டுபோனால் சூடு தெரிகிறதா என்றும் பார்க்கலாம். காய்ந்து இறுகிய செயினும், வேகம் கூடாமல் எஞ்சின் மட்டும் அலறும் கிளட்ச் வழுக்கலும் இதே கூட்டம்தான். இவை எதற்கும் எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

எஞ்சினுக்குள் நடப்பதை வெளியே வந்து சொல்வது பிளக். சீரான வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, ஆறியதும் கழற்றினால் முனை இளம்பழுப்பாக இருக்க வேண்டும். உலர்ந்த கரி படிந்திருந்தால் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் போகிறது. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை.

உலர்ந்த கரி என்றால் ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் நடத்திய சோதனையில், கணினி கட்டுப்படுத்தும் கார்களில் அடைத்த ஃபில்டர் எரிபொருள் செலவைப் பெரிதாக மாற்றவில்லை. பழைய கார்புரேட்டர் காரில் மாற்றியது. காற்று குறைந்ததை உணர்ந்து பெட்ரோலைக் குறைக்கும் சென்சார் கார்புரேட்டரில் கிடையாது. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் கரி படிந்தால், முழுதாகத் திறக்காத சோக்கைப் பார்க்க வேண்டும். பிறகு ஃப்ளோட். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வைப் போன்றதுதான் இது. அதன் ஊசி தேய்ந்தால் மட்டம் ஏறும், பெட்ரோல் வழியும், நிறுத்திய வண்டியிலும் வாடை வரும். பல ஆண்டுகள் நீடில் ஏறி இறங்கியதில் பித்தளை ஜெட்டின் துளை அகன்றிருக்கலாம். அதைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஏர் ஸ்க்ரூவைத் திருகியே மைலேஜைக் கூட்டிவிடலாம் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அது ஐட்லிங்கையும் ஆக்சிலரேட்டரைச் சற்றே திருகும் நிலையையும் மட்டுமே ஆளுகிறது. பெட்ரோலை மிகவும் குறைத்தால் எஞ்சின் சூடேறும், இழுவை போகும், ஓட்டுபவர் இன்னும் அதிகமாக ஆக்சிலரேட்டரைத் திருகுவார்.

டேப்பெட் விஷயத்தில் இதைவிடப் பெரிய தவறு நடக்கிறது. லேசான டிக் டிக் சத்தம் பிடிக்காமல் "சத்தத்தை எடுத்துருங்க" என்கிறார் வாடிக்கையாளர். மெக்கானிக்கும் இறுக்கிவிடுகிறார். இடைவெளி இல்லாமல் போன வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். வண்டி அமைதியாக ஓடும், பெட்ரோலை அள்ளிக் குடிக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ஃபீலர் கேஜ் தகடு வைத்து, அந்த வண்டிக்குரிய அளவில் இடைவெளி விடுவதே சரி.

இத்தனைக்குப் பிறகும் மைலேஜ் ஏறவில்லை, நீலம் கலந்த புகை வருகிறது, ஆயில் குறைகிறது என்றால்தான் எஞ்சினின் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் "போர் பண்ணணும்" என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகி, கிக்கரை உதைத்து அளக்கச் சொல்லுங்கள். பிறகு அதே துளையில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் கசிவு பெரும்பாலும் வால்வில்தான், அதற்கு ஹெட்டை மட்டும் இறக்கி வேலை பார்த்தால் போதும்.