ரத்தத்தில் ஒரு புள்ளி

தங்கை சுந்தரம்பாள் 1923-ல் புற்றுநோயால் இறந்ததை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மறக்கவேயில்லை. கேன்சர் வந்தால் சாவுதான், அதற்கெதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று கேட்டவர்களை மீறி, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிவைத்தார். மயிலாப்பூரில் பிறந்த டாக்டர் வி. சாந்தா மறு ஆண்டே அங்கே சேர்ந்து, 2021-ல் மறையும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார்.

அன்று மார்பகப் புற்றுநோய் என்றால் கையில் தட்டுப்படும் கட்டி. வலிக்காத கட்டியை யாரிடம் போய்ச் சொல்வது? புருஷனிடம் சொல்லவே கூச்சம். புண்ணாகி உடைந்த பிறகுதான் பலர் டாக்டரிடம் வந்தார்கள். 1980-களில் தொடங்கிய சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் முதலில் நின்றது. இன்று அந்த இடம் மார்பகத்துக்கு. தாமதமான பிள்ளைப்பேறு, குறைந்த தாய்ப்பாலூட்டல், கூடிய உடல் எடை, கூடிய ஆயுள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

இன்று கட்டி வருமுன்னே ரத்தத்தைக் கேட்கிறார்கள். பரம்பரையாக வந்து இந்த நோயின் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறைச் சோதிப்பது வழக்கத்துக்கு வந்துவிட்டது. அடுத்த கேள்வி கொஞ்சம் நுட்பமானது: மரபணு பழுதில்லாமல் இருந்தும் வாயடைத்துக் கிடந்தால்? டி.என்.ஏ.வின் சில இடங்களில் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதி ஒட்டிக்கொண்டு மரபணுவை அடக்கிவிடுகிறது. ‘க’ மேல் புள்ளி வைத்தால் எழுத்து மாறாமல் உயிரோசை மட்டும் அடங்குகிறதே, அப்படித்தான். 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கப் பெண்களிடம் நோய் வருவதற்கு முன்பே எடுத்து வைத்த ரத்தத்தைப் பார்த்தது. வெள்ளணுக்களில் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுமீது இந்த மெத்தில் அடையாளம் இருந்தவர்களுக்கு, ‘ட்ரிப்பிள் நெகட்டிவ்’ என்ற முரட்டு வகை வரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல். மார்பகப் புற்றுநோயில் அந்த வகையின் பங்கு மேலைநாடுகளைவிட இந்தியாவில் அதிகம் என்பதால் நமக்கு இது வெறும் வெளியூர்ச் செய்தியல்ல.

ஆனாலும் அவசரப்பட வேண்டாம். டி.என்.ஏ. நெடுகிலும் இந்த அடையாளத்தைத் தேடிய நான்கு பெரிய ஆய்வுகளை 2019-ல் சேர்த்துப் பார்த்தபோது, அபாயத்தை உறுதியாகக் காட்டும் தனி இடம் எதுவும் தேறவில்லை. வயது, புகை, ரத்த அணுக்களின் கலவை எல்லாமே இந்த அடையாளங்களைக் கலைக்கும். ஆய்வுகளில் பெரும்பான்மை வெள்ளைக்காரப் பெண்கள், தி.நகர்ப் பெண்ணுக்கு அந்த அளவுகோல் பொருந்துமா என்பதைத் தனியாகச் சோதித்தாக வேண்டும்.

ஆகவே லேப் பேக்கேஜ்களில் வரும் ‘கேன்சர் மார்க்கர்’ என்ற சொல்லில் மயங்காதீர்கள். சி.ஏ. 15-3 போன்றவை சிகிச்சையில் இருப்பவரைக் கண்காணிக்க உதவுபவை. நோயில்லாதவரிடம் நோயைத் தேட அல்ல. மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் இரண்டு ஆண்டுக்கொரு முறை மார்பகத்தைக் கையால் பரிசோதித்ததாலேயே, 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோயால் வரும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் வந்திருந்தால், முதலில் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். பி.ஆர்.சி.ஏ. சோதனையை, முடிந்தால், நோய் வந்தவரிடமிருந்தே தொடங்கச் சொல்வார்.