ஆதாயம் யாருக்கு?

"ஆதாயம் இல்லாமல் செட்டி ஆற்றோடு போவானா?" என்று வியாபாரிகளாகிய நம்மைப் பற்றி ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள். நாமும் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் இது வியாபாரிக்கு மட்டும் உரிய பழமொழி அல்ல. ஆலைக்காரர், தரகர், கடைப் பையன், வாடிக்கையாளர் எல்லோருக்கும் பொருந்தும். வெளியே சொல்லும் காரணம் ஒன்று. உள்ளே இருந்து தள்ளும் காரணம் வேறொன்று. விழுப்புரத்தில் மொத்த வியாபாரம் செய்தே தலை நரைத்த நாம், கண்டவற்றில் மூன்றை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, நம் எல்லோர் கடையிலும் நிற்கும் அரிசிச் சிப்பம். காலங்காலமாக 25 கிலோவாக இருந்த சிப்பம் எப்படி 26 கிலோ ஆயிற்று? 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது, பதிவு செய்த பிராண்டு பெயரில் பையில் அடைத்த அரிசிக்கு 5 சதவீத வரி விதித்தார்கள். அதே ஆண்டிலேயே, பிராண்டு பெயர் மீதான உரிமையை விட்டுக்கொடுப்பவருக்கு வரி இல்லை என்று விதி மாறியது. உடனே பல ஆலைகள் 'எங்களுக்கு இந்தப் பெயரில் உரிமை இல்லை' என்று பையிலேயே அச்சிட்டன. 2022 ஜூலை 18 முதல், பிராண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு வரி என்றார்கள். 26 கிலோ சிப்பம் பிறந்துவிட்டது.

கணக்குப் பாருங்கள். கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 25 கிலோவுக்கு 1,500, வரி 75, ஆக 1,575 ரூபாய். 26 கிலோவுக்கு வரியில்லாமல் 1,560 ரூபாய். ஒரு கிலோ கூடுதலாக, 15 ரூபாய் குறைவாக! ஆலைக்காரரைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் சிப்பமாக வாங்க முடியாமல் 5 கிலோ பாக்கெட் வாங்கும் கூலிக்காரர்தான் வரி கட்டுகிறார். மூட்டையைப் பிரித்து, வாடிக்கையாளர் கண்ணெதிரில் எடை போட்டுக் கொடுத்தால் அந்த வரி இல்லை. சிறு மளிகைக் கடைக்கு இது ஒரு நல்ல வாய்ப்பு என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, துண்டு. அந்தக் காலத்து மண்டிகளில் தரகரும் வியாபாரியும் ஒரு துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வேர்க்கடலை கொண்டு வந்த விவசாயி பக்கத்திலேயே நின்றிருப்பார். எந்த விரலுக்கு எத்தனை ரூபாய் என்று அவருக்குத் தெரியாது. தரகர் கமிஷன் வாங்கியது என்னவோ விவசாயியிடம்தான். ஆனால் விவசாயியை அவர் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பார்ப்பார். வியாபாரியைத் தினமும் பார்க்க வேண்டும். மனம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. 1928-ல் ராயல் விவசாயக் கமிஷன் ஒழுங்குபடுத்திய சந்தைகள் வேண்டும் என்று கூறியது. 1933-ல் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டம் வந்தது. இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் இருக்கின்றன. மறைமுக ஏலத்திலும் விலையை மறைத்துத்தான் எழுதுகிறோம். ஆனால் அங்கே போட்டி வியாபாரிக்குத்தான் மறைவு. முடிவில் விவசாயிக்கு விலை தெரிந்துவிடும். துண்டுக்கு அடியிலோ விவசாயிக்கே மறைவு.

மூன்றாவது, நமது சொந்தக் கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பெனி டீத்தூளுக்கு ஸ்கீம் போட்டது. 100 பெட்டி எடுத்தால் தங்கக் காசு. நமக்கு வேண்டியது 60 பெட்டிதான். காசுக்கு ஆசைப்பட்டு 100 எடுத்தோம். லைன் போகும் பையனுக்குப் பெட்டிக்கு 10 ரூபாய் என்று சொல்லிவிட்டோம். அவன் விக்கிரவாண்டி, மயிலம், கூட்டேரிப்பட்டு என்று கடை கடையாகத் தள்ளிவிட்டான். நாலு மாதம் கழித்து வசூலுக்கு நாமே போனோம். ஒரு கடைக்கார அம்மா தேதி முடியப் போகும் பெட்டிகளைக் காட்டி, "நல்லா ஓடும்னு உங்க பையன் சொன்னான் முதலாளி. எனக்கு ஓடல. உங்களுக்கு ஓடுச்சா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்த லைனில் 31 பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். காசின் விலையைவிட நஷ்டம் அதிகம். பையன் மீது கோபம் வந்தது. யோசித்தால், நாம் எதற்குக் கூலி கொடுத்தோமோ அதைத்தான் அவன் செய்திருக்கிறான். அன்று முதல் நம் கடையில் ஒரு வழக்கம்: புதுச் சரக்கின் முதல் ஆர்டருக்குக் கமிஷன் கிடையாது, அதே கடையிலிருந்து இரண்டாவது ஆர்டர் வந்தால்தான் உண்டு. இப்போது பையனே, "இந்தக் கடையில இது ஓடாது" என்று வந்து சொல்கிறான்.

ஆகவே அங்கத்தினர்களே, அடுத்த முறை டூர், பைக், தங்கக் காசு என்று யாராவது கடைக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் சொல்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? பரிசு இல்லாவிட்டாலும் இத்தனை சரக்கு எடுப்போமா? விற்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுப்பாரா? பிறகு, அதே கேள்விகளை நம் வாடிக்கையாளர் நம்மிடம் கேட்டால் என்ன பதில் சொல்வோம் என்பதையும் சற்று யோசித்து வைத்துக்கொள்வோம்.