ஈரத்திலும் விடாத பிடி

சைக்கிள் பஞ்சர் ஒட்டுபவரைக் கவனித்திருப்பீர்கள். டியூபை உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்த பிறகுதான் சொல்யூஷன் தடவுவார். ஈரம் இருந்தால் ஒட்டாது. ஒட்டும் தொழிலின் முதல் விதி அது.

மனித உடம்புக்குள் அந்த விதியைக் கடைப்பிடிக்க வழியில்லை. அங்கே எல்லாமே ஈரம், எல்லாமே அசைகிறது. பிறந்து சில நாளே ஆன குழந்தையின் இதயம் அதன் கைமுஷ்டி அளவுதான் இருக்கும். அதில் ஓட்டை இருந்தால் அடைத்தாக வேண்டும். தசை அவ்வளவு மென்மை. தையல் நூலை இழுத்தால் கிழிந்துவிடலாம். தைத்து முடித்த பிறகும் அந்த இதயம் நிமிடத்துக்கு 100 முறைக்கு மேல் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பும் தையலைச் சோதிக்கும்.

இந்தச் சங்கடத்தோடுதான் அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் இதய அறுவை மருத்துவர் பெட்ரோ டெல் நிடோ, அதே ஊரில் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையின் ஆய்வாளர் ஜெஃப்ரி கார்ப்பை 2009இல் அணுகினார். கார்ப் முதலில் தன்னைக் கேட்டுக்கொண்டது, ‘ஈரத்திலேயே வாழ்ந்து, ஈரத்திலேயே ஒட்டிப் பிழைக்கும் உயிர் எது?’ என்பதுதான்.

அலையடியில் வீடு கட்டும் புழு

கலிஃபோர்னியக் கடலோரத்தில் மணல்கோட்டைப் புழு என்றொரு புழு உண்டு. மணல் துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பசை தொட்டு அடுக்கி, குழாய் வடிவில் வீடு கட்டும். பசை கடல்நீருக்குள்ளேயே அரை நிமிடத்தில் இறுகிவிடும். அது இறுகுவதற்கு முன்பும் அலையில் கரைந்து போவதில்லை என்பதுதான் அதிசயம்.

அந்தப் பண்பைத்தான் கார்ப் குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். தேன் போலக் கெட்டியாக, தண்ணீரை விலக்கும் ஒரு பசையைச் செய்தார்கள். ரத்தம் அதை அடித்துச் செல்லாது; ஒளி பட்டதும் சில நொடிகளில் இறுகும். துடித்துக்கொண்டிருந்த பன்றி இதயத்துக்குள்ளேயே அதைக் கொண்டு ஒட்டு போட முடிந்ததை 2014இல் அறிவித்தார்கள். அந்த ஆய்விலிருந்து பிறந்த பசைக்கு, ரத்தக்குழாய் அறுவையில் பயன்படுத்த 2017இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது.

முள்ளம்பன்றியிடமும் அவர்கள் போனார்கள். வட அமெரிக்க முள்ளம்பன்றியின் முள் நுனியில், கண்ணுக்கு எளிதில் தெரியாத கொக்கிகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கொக்கி இருந்தால் குத்துவது கடினம் என்றுதானே நினைப்போம்? அளந்து பார்த்தபோது, கொக்கியுள்ள முள் உள்ளே இறங்கக் குறைந்த விசையே போதுமாக இருந்தது, பிடுங்கத்தான் பெரும்பாடு. வலி குறைவாக நுழைந்து உறுதியாகப் பிடிக்கும் ஸ்டேபிளுக்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

மீனின் குடலில் ஒட்டுண்ணியாக வாழும் ஒரு புழு, தலையைக் குடல்சுவரில் செருகி, உள்ளே அதைப் பலூன் போல உப்ப வைத்துப் பிடித்துக்கொள்ளும். அதைப் பார்த்து, ஈரம் பட்டதும் நுனி உப்பும் நுண்ணூசிப் பட்டையை 2013இல் உருவாக்கினார்கள். தோல் ஒட்டைப் பிடித்து வைப்பதில் அது ஸ்டேபிளைவிட மூன்றரை மடங்கு உறுதியாக நின்றது.

ஒட்டவிடாத தோல்

ஒட்டவே கூடாத இடங்களும் மருத்துவமனையில் உண்டு. சிறுநீர்க் குழாய் பொருத்திய நோயாளிக்குப் பெரிய பயம், அதன் வழியாக வரும் தொற்று. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆன்டனி பிரென்னன், கப்பலின் அடியில் பாசி பிடிக்காமலிருக்க வழி தேடியபோது சுறாவின் தோலைக் கவனித்தார். அதன் நுண்ணிய வரிகளைப் போன்ற மேற்பரப்பைப் பிளாஸ்டிக்கில் செய்தபோது, கிருமிகள் கூட்டமாகக் குடியேறுவது குறைந்தது. மருந்தால் கொல்லாமல் வடிவத்தாலேயே தடுப்பதால், கிருமி மருந்துக்குப் பழகிவிடுமே என்ற கவலையும் இல்லை.

நத்தையோடு வாழ்ந்தவர்

இந்த வரிசையில் என் மனத்தை அதிகம் தொட்டது ஓடில்லாத ஒரு நத்தை. ஐரோப்பாவைச் சேர்ந்த அந்தப் பழுப்பு நத்தையைச் சீண்டினால், முதுகிலிருந்து மஞ்சள் நிறத்தில் பசையைக் கக்கும். தொட்டால் கையைவிட்டுப் போகாது. அமெரிக்காவில் இத்தாகா கல்லூரியின் உயிரியல் பேராசிரியர் ஆன்ட்ரூ ஸ்மித், அந்தக் கோழை எதனால் ஆனது, ஏன் இவ்வளவு உறுதி என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்.

நேர்மின்னூட்டம் கொண்ட புரதங்கள், இழுத்தாலும் அறுந்துவிடாத வலைப்பின்னல் என அந்தப் பசையின் ரகசியம் மெல்ல வெளிப்பட்டது. அதை அடிப்படையாக வைத்து, ஹார்வர்டின் வைஸ் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் மூனியும் ஜியான்யு லீயும் இரண்டு அடுக்குப் பசையை உருவாக்கினார்கள். ஓர் அடுக்கு திசுவைப் பற்றும். மற்றது நீண்டு கொடுத்து இழுவிசையைத் தாங்கும். 2017இல் வெளியான அந்த ஆய்வில், ரத்தம் தோய்ந்த பன்றி இதயத்திலும் பசை விடாமல் நின்றது.

மருத்துவரின் கேள்வி மட்டும் போதாது. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, யாரோ ஒருவர் ஏற்கெனவே நத்தையின் பின்னால் பல வருடம் நடந்திருக்க வேண்டும். பலன் தெரியாமல் செய்த அந்த ஆராய்ச்சிதான் அறுவை மேசைக்கான வழியைத் திறந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளை விலங்கியல் படிக்கிறேன், நத்தையை ஆராயப் போகிறேன் என்று சொன்னால், ‘இதைப் படித்து என்ன கிடைக்கும்?’ என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.